கடலுக்கும் ஒரு நிலவரைபடம்: ஜொகூர் நீரிணையின் மீன் கூண்டுகள்

சாங்கி முனைப் படகுத்துறையில் பம்போட் ஏறிப் புலாவ் உபினுக்குப் போகிறவர்கள், கடலில் மிதக்கும் சிறு ஊர்களைத் தூரத்தில் பார்த்திருப்பார்கள். மரச் சட்டங்கள், நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய்கள், நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு குடிசை, படகு நெருங்கினால் குரைக்கும் இரண்டு மூன்று நாய்கள். அவைதான் மிதவைக் கூண்டு மீன் பண்ணைகள். சந்தையில் சியாக்காப் என்று கேட்டு வாங்கும் கொடுவாவும், கெராப்பு என்கிற களவாவும் இப்படிப்பட்ட வலைக் கூண்டுகளில்தான் வளர்கின்றன.

சிங்கப்பூரில் பலர் இவற்றை ‘கெலோங்’ என்றே அழைக்கிறார்கள். உண்மையான கெலோங் வேறு. அது கடலடியில் கம்புகளை வரிசையாக நட்டு மீனை உள்ளே திருப்பிப் பிடிக்கும் பொறி. பெயர் மட்டும் மிதவைப் பண்ணைகளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. இந்தப் பெயர்க் குழப்பம் சிறியதுதான். ஆனால் கடலில் எது எங்கே இருக்கிறது என்று பட்டியல் எடுக்க உட்கார்ந்தால் முதல் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடும்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு வரைபடம் புதிதல்ல. ஒவ்வொரு ‘பீல்டு’க்கும் ஓர் எண் உண்டு. எந்த ஆண்டு நடப்பட்டது, எத்தனை ஹெக்டர் என்று பாதை ஓரத்தில் பலகை நிற்கும். ஆபீஸ் சுவரில் தோட்டம் முழுவதும் நிறம் தீட்டித் தொங்கும். கடலுக்கு அப்படி ஒரு பலகை இல்லை. கரையிலிருந்து பார்த்தால் அது காலியான வெளி. ஆனால் அதே நீர்ப்பரப்பில் கப்பல் போகிறது, மீனவர் வலை போடுகிறார், கூண்டில் மீன் வளர்கிறது, அடியில் கம்பிவடம் ஓடுகிறது, ஓரத்தில் மண் கொட்டி நிலம் உருவாக்கப்படுகிறது. யார் எங்கே, எவ்வளவு இடத்தில், எத்தனை காலத்துக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்யும் வேலைக்குக் கடல்வெளித் திட்டமிடல் என்று பெயர். மீன் பண்ணைகளை வரைபடத்தில் ஏற்றுவது அதன் ஒரு பகுதி.

ஒரு நீரிணை, இரண்டு குட்டைகள்

ஜொகூர் நீரிணை சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத குறுகிய நீர்வழி. 1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்ட பாலம், பாலம் என்று அழைக்கப்பட்டாலும் உண்மையில் கல்லைக் கொட்டிக் கட்டிய ஓர் அணைக்கரை. அன்று முதல் நீரிணை மேற்கு, கிழக்கு என இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கடல் ஏறும்போது ஒரு பக்கம் நுழையும் நீர் மறுபக்கம் வெளியேற வழியில்லை. வந்த வழியே திரும்புகிறது. இரு கரையிலிருந்தும் ஆறுகளும் வடிகால்களும் இதே நீரில்தான் விழுகின்றன.

சிங்கப்பூரின் கடல் பண்ணைகளில் பெரும்பாலானவை இந்த நீரிணையில்தான் உள்ளன. உபின் சுற்றுவட்டாரம், பாசிர் ரிஸ், லோயாங் பக்கம் கிழக்கில், லிம் சூ காங் பக்கம் மேற்கில். தெற்குத் தீவுகளை ஒட்டி மிகச் சில. எதிர்க்கரையில் ஜொகூர்ப் பக்கமும் கூண்டுகளும், கயிற்றில் வளர்க்கப்படும் கூப்பாங் சிப்பி மிதவைகளும் உண்டு. ஜொகூரின் தென்மேற்கு மூலையில் உள்ள கூக்கூப் மிதவைக் கூண்டுகளுக்குப் பெயர் போன ஊர்.

மீன் வளர்க்கக் கடற்பரப்பில் ஓர் இடம் இருந்தால் போதாது. கூண்டுக்கு அடியில் போதிய ஆழம் வேண்டும், நீர் ஓட வேண்டும். மீதமான தீனியும் மீன் கழிவும் கீழே படிகின்றன. ஓட்டம் இருந்தால் அவை கரைந்து பரவும். ஓட்டம் மந்தமானால் அங்கேயே அழுகி, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அரை நிலா நாள்களில் கடலின் ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும். அப்போது வெயிலும் சேர்ந்துகொண்டால் நுண்பாசி பெருகத் தோதான நேரம்.

2014 பிப்ரவரியில் மேற்கு நீரிணையில் மீன்கள் செத்து மிதந்தன. கார்லோடினியம் வகை நுண்பாசியே காரணம் என்று மலேசிய ஆய்வாளர்கள் பின்னர் பதிவு செய்தனர். 2015 தொடக்கத்தில் கிழக்கு நீரிணையில் வந்த பாசிப் பெருக்கம் அதைவிடப் பெரிது. சிங்கப்பூர்ப் பக்கத்தில் 77 பண்ணைகள் சுமார் 500 முதல் 600 டன் மீனை இழந்தன. மாதக்கணக்கில் தீனி போட்டு வளர்த்த மீன்கள். மூட்டை மூட்டையாகக் கட்டிக் குப்பைக்கு அனுப்பினார்கள்.

எல்லாப் பண்ணைகளும் ஒரே அளவில் அடிபடவில்லை என்பது இங்கே முக்கியம். எந்த வளைவில் நீர் தேங்குகிறது, எந்த வாயில் ஓட்டம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இழப்பு கூடும், குறையும். வெறும் புள்ளி வைத்த வரைபடம் இதைச் சொல்லாது. புள்ளியோடு ஆழம், ஓட்டத்தின் வேகம், ஒரே ஓட்டப் பாதையில் எத்தனை பண்ணைகள் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதும் சேர வேண்டும். மேலே உள்ள பண்ணையின் கழிவு கீழே உள்ள பண்ணையின் குடிநீர் என்றே சொல்லலாம்.

எப்படி வரைகிறார்கள்?

பழைய வழி, படகில் போய்ப் பண்ணையின் நான்கு மூலைகளிலும் ஜிபிஎஸ் கருவியை வைத்துக் குறித்து வருவது. இன்றும் அதைவிட நம்பகமான வழி இல்லை. உரிமத்தில் எழுதியிருக்கும் இடமும் மிதவை உண்மையில் நிற்கும் இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நங்கூரம் நகர்கிறது, கயிறு தளர்கிறது, புதிய கூண்டு ஒன்று பக்கத்தில் சேர்த்துக் கட்டப்படுகிறது.

இரண்டாவது வழி வானத்திலிருந்து பார்ப்பது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மத்தியதரைக் கடலின் கரையோரத்தை கூகுள் எர்த் படங்களில் அங்குலம் அங்குலமாகப் பார்த்து ஆய்வாளர்கள் கூண்டுகளை எண்ணினார்கள். சூரை மீன் கூண்டுகள் 248. மற்ற மீன்களுக்கானவை 20,976. இதில் ஏறத்தாழப் பாதி கிரேக்கத்தில், 31 விழுக்காடு துருக்கியில். அரசாங்கங்கள் கொடுக்கும் உற்பத்திக் கணக்கை வெளியார் ஒருவர் சரிபார்க்க முடியும் என்பதைக் கணினியும் பொறுமையும் மட்டும் வைத்துக் காட்டிய வேலை அது.

அதற்குப் பிறகு வசதி கூடிவிட்டது. ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள் 2014, 2015 முதல் எடுக்கும் படங்களை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சென்டினல்-2 சாதாரணப் படம் எடுக்கிறது. அதில் ஒரு புள்ளி 10 மீட்டர். தனிக் கூண்டு தெரியாது, மிதவைத் தொகுதி தெரியும். நம் வட்டாரத்தில் பாதி நாள் மேகம் மூடியிருக்கும் என்பதால் சென்டினல்-1 இன்னும் பயனுள்ளது. அது ராடார் அலையை அனுப்புகிறது. மேகம் அதற்குத் தடையில்லை, இரவும் தடையில்லை. அமைதியான நீர் கறுப்பாகவும் மிதவையின் சட்டங்கள் வெள்ளையாகவும் விழும். கப்பலும் வெள்ளையாகத்தான் விழும். ஆனால் கப்பல் அடுத்த படத்தில் இருக்காது, பண்ணை அதே இடத்தில் இருக்கும். பல மாதப் படங்களை அடுக்கிப் பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

செயற்கைக்கோளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மிதவை தெரியும், அதன் கீழே மீன் இருக்கிறதா என்பது தெரியாது. கைவிடப்பட்ட கூண்டும் வானத்திலிருந்து வேலை செய்யும் பண்ணை போலவே இருக்கும். நீருக்குள் தொங்கும் சிப்பிக் கயிறுகளும் சரியாகப் பிடிபடுவதில்லை. ஆகவே கடைசியில் யாராவது ஒருவர் படகில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

கப்பல் மாலுமிகள் பயன்படுத்தும் கடல் வரைபடங்களில் மீன் பண்ணைக்கென்று அனைத்துலகக் குறியீடு ஏற்கெனவே இருக்கிறது. அந்த வரைபடங்களை மலேசியாவில் கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையமும், சிங்கப்பூரில் கடல்துறை, துறைமுக ஆணையமும் வெளியிடுகின்றன. ஆனால் அவற்றின் நோக்கம் கப்பல் மோதாமல் இருப்பது. மீன் வளர்ப்பவரின் உரிமையோ தண்ணீரின் தரமோ அதில் வராது. பல அமைப்புகளின் கடல் தகவல்களை ஒரே இடத்தில் சேர்ப்பதற்காக அதே ஆணையம் ஜியோஸ்பேஸ்-சீ என்ற தளத்தை உருவாக்கியுள்ளது.

வரைபடத்தில் இல்லாதவர்

தோட்டத் தமிழர்களுக்கு இந்தப் பகுதியை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மூன்று தலைமுறை கும்பிட்ட கோயில் நிலப் பதிவில் இல்லை என்று தெரிய வருவது, தோட்டம் கைமாறி மேம்பாட்டு நிறுவனம் வந்து நிற்கும் நாளில்தான். கடலிலும் கதை அதேதான். ஒருவர் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் மீன் வளர்த்திருக்கலாம், வலை வீசியிருக்கலாம். திட்ட வரைபடத்தில் அது வெறும் நீல நிறமாக இருந்தால், துறைமுகம் விரிவடையும்போதோ கடல் தூர்க்கப்படும்போதோ அவரிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வராது.

ஜொகூர் நீரிணையில் இதற்கு ஆவணச் சான்று உண்டு. புலாவ் தெக்கோங்கிலும் துவாஸ் பக்கத்திலும் சிங்கப்பூர் செய்த நிலமீட்புப் பணிகள் தன் கடற்பகுதியைப் பாதிக்கின்றன என்று மலேசியா 2003 செப்டம்பரில் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் உள்ள அனைத்துலகக் கடல் சட்டத் தீர்ப்பாயத்திற்குச் சென்றது. அவ்வாண்டு அக்டோபர் 8ஆம் தேதி தீர்ப்பாயம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. இரு நாடுகளும் சேர்ந்து சுயேச்சை நிபுணர் குழு ஒன்றை அமைத்துப் பாதிப்பை ஆராய வேண்டும் என்றது. 2005 ஏப்ரல் 26ஆம் தேதி உடன்பாடு கையெழுத்தானது. மலேசிய மீனவர்களின் இழப்புக்காக 374,400 ரிங்கிட் கொடுக்க சிங்கப்பூர் ஒப்புக்கொண்டது. அந்தத் தொகை பெரிதா சிறிதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எந்த மீனவர், எந்த நீர்ப்பகுதி, என்ன வருமானம் என்று எண்ணிக் காட்ட முடிந்தால்தான் அப்படி ஒரு தொகை பேச்சுவார்த்தை மேசைக்கே வரும்.

2017 ஜனவரி 3ஆம் தேதி இரவு பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கொள்கலன் கப்பல்கள் மோதி ஏறத்தாழ 300 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையோரப் பண்ணைகளின் வலைகளிலும் மிதவைகளிலும் எண்ணெய் படிந்தது. இப்படி நடக்கும்போது இழப்பீடு கேட்பவர்தான் தன் இழப்பை நிரூபிக்க வேண்டும். பண்ணை எங்கே நின்றது, எத்தனை கூண்டு, என்ன மீன், எவ்வளவு. அன்றைய தேதியிட்ட பதிவு கையில் இருப்பவருக்கு வேலை பாதி முடிந்தது.

பதிவு ஒரு திட்டத்தையே மாற்றிய சம்பவமும் இதே நீரிணையில் நடந்திருக்கிறது. உபின் தீவின் கிழக்கு மூலையில் உள்ள செக் ஜாவா, தூர்க்கப்பட வேண்டிய இடமாகத் திட்டத்தில் இருந்தது. 2001இல் தொண்டூழியர்களும் அறிவியலாளர்களும் அங்கே கடல் வற்றிய நேரங்களில் இறங்கி, கடற்புல், நட்சத்திர மீன், சிப்பி என்று என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். ஆண்டு முடிவில் தூர்ப்புத் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இன்று பள்ளிப் பிள்ளைகள் அங்கே பலகைப் பாதையில் நடந்துபோய் நண்டு பார்க்கிறார்கள்.

அனுமதி யாருடையது?

தீபகற்ப மலேசியாவில் கடற்கரையிலிருந்து 3 கடல் மைல் வரையிலான பகுதி மாநிலத்தின் கீழ் வருகிறது. அதற்கு வெளியே கூட்டரசு. 2012ஆம் ஆண்டு பிரதேசக் கடல் சட்டம் இந்தக் கோட்டை உறுதி செய்தது. கூண்டுப் பண்ணைகள் ஏறக்குறைய அனைத்தும் கரையோரம் இருப்பதால் இடம் மாநிலத்துடையது. ஆனால் மீன் வளர்ப்பு 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழும் கடல் வளர்ப்பு முறைக்கான 1990ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழும் மீன்வளத் துறையின் பொறுப்பு. கப்பல் வழி கடல்துறையின் கவலை. ஆற்று மாசு சுற்றுச்சூழல் துறையின் கோப்பு. ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு வரைபடம் உண்டு. அவை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படுகின்றனவா என்பதுதான் கேள்வி.

பினாங்கின் தென்செபராங் பெராய், நிபோங் திபால் பக்கம் உள்ளவர்களுக்குச் சுங்கை ஊடாங்கும் பூலாவ் அமானும் தெரிந்த பெயர்கள். கரையில் செம்பனை, ஆலைகள், பண்ணைகள். கடலில் கூண்டுகள். ஆற்றின் மேல்பகுதியில் திறந்துவிடப்படும் கழிவு கீழே கூண்டுக்கு வந்து சேர அதிக நேரம் பிடிக்காது. 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கின் சுங்கை கிம் கிம்மில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காற்றில் பரவிய நச்சைப் பற்றித்தான் அப்போது பேச்சு. அந்த ஆற்று நீரும் கடைசியில் ஜொகூர் ஆற்று முகத்துவாரத்தைத்தான் அடைகிறது. ஆகவே கடல் வரைபடம் கடற்கரையோடு நின்றால் அது பாதி வரைபடம்.

வரைபடத்தைக் கண்டு பண்ணைக்காரர் பயப்படுவதற்கும் நியாயம் இருக்கிறது. உரிமம் புதுப்பிக்கப்படாதவர், அனுமதித்த அளவைவிடக் கூண்டு கூட்டியவர், அப்பா காலத்திலிருந்து காகிதம் எதுவும் இல்லாமல் செய்பவர் எல்லோரும் ஜிபிஎஸ் கருவியோடு வரும் அதிகாரியைக் கண்டு ஒதுங்குவார்கள். குறித்துவிட்டால் இடம் மாறச் சொல்வார்களோ என்ற பயம். பண்ணைகளை ஒரே மண்டலத்துக்கு மாற்றும் திட்டங்களில் சிறியவர்கள்தான் முதலில் செலவு தாங்காமல் விலகுகிறார்கள். முதலில் பதிவு, பிறகு அவகாசம், அதற்குப் பிறகே நடவடிக்கை என்ற வரிசை இல்லாவிட்டால் கணக்கெடுப்பு உண்மையைக் காட்டாது.

நார்வே வேறு விதமாகச் செய்கிறது. அங்கே ஒவ்வொரு பண்ணையும் பொது வரைபடத்தில் இருக்கிறது. யாருடையது, என்ன மீன், எத்தனை டன் வரை வைத்திருக்கலாம் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2017 முதல் கடற்கரை 13 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, காட்டுச் சால்மன் மீன்களைப் பண்ணைப் பேன்கள் எவ்வளவு பாதிக்கின்றன என்பதை வைத்துப் போக்குவரத்து விளக்கைப் போல நிறம் கொடுக்கப்படுகிறது. பச்சை மண்டலத்தில் உற்பத்தியைக் கூட்டலாம். மஞ்சளில் அப்படியே வைத்திருக்கலாம். சிவப்பில் குறைக்கச் சொல்லலாம். நிறுவனங்கள் வழக்குக்கும் போகின்றன. ஆனால் சண்டை எந்த எண்ணைப் பற்றி என்பது எல்லோருக்கும் தெரியும்.

சிங்கப்பூர் 2019இல், 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே உற்பத்தி செய்வோம் என்று இலக்கு வைத்தது. 2025 நவம்பரில் அது கைவிடப்பட்டு, 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரத உணவில் 30 விழுக்காடு என்று மாற்றப்பட்டது. புரதம் என்றால் முட்டையும் கடலுணவும்தான். அதற்கிடையே, உயர்ந்த செலவும் நீரின் நிலையும் தாளாமல் கடல் பண்ணைகளில் பலரும் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். இருக்கும் இடத்தில் கூடுதல் மீன் எடுக்க வேண்டுமானால், நீரிணை எவ்வளவு தாங்கும் என்று பகுதி பகுதியாகக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

அந்தக் கணக்கில் ஒரு கோடு குறுக்கிடுகிறது. 1927ஆம் ஆண்டு உடன்பாடு நீரிணையின் ஆழமான வாய்க்காலின் நடுவே எல்லையை வகுத்தது. 1995இல் இரு நாடுகளும் அதைத் துல்லியமான புள்ளிகளாக எழுதிக் கையெழுத்திட்டன. சிங்கப்பூரின் பண்ணை வரைபடம் வடக்கே அந்தக் கோட்டில் முடிகிறது, மலேசியாவினுடையது தெற்கே அதே கோட்டில் முடிகிறது. பாசியும் எண்ணெயும் ஆற்று நீரும் அதைக் கடந்து போய் வருகின்றன. நீரிணையின் நீர்த் தரத்தை இரு தரப்பும் மலேசியா-சிங்கப்பூர் சுற்றுச்சூழல் கூட்டுக் குழுவின் கீழ் சேர்ந்து கண்காணிக்கின்றன. நீரின் தரம் பற்றிய தகவல் ஒரே மேசைக்கு வருகிறது என்றால், இரு கரையின் கூண்டுகளும் சிப்பி மிதவைகளும் ஒரே தாளில் ஏறுவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.